பூஜைக்கு அணைத்த பெட்டி

ஐம்பத்தைந்து வயதுக்குள் தோத்தாத்ரி கடவுளை ஏமாற்றியது ஒரே ஒரு விஷயத்தில்தான். வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று கம்பெனியில் லேத்திலிருந்து தண்ணீர் மோட்டார் வரை எல்லாவற்றையும் அணைத்து, பொட்டு வைத்து, ஓய்வு கொடுப்பார்கள். இவர் மட்டும் தன் கம்ப்யூட்டரின் மானிட்டரை அணைத்துவிட்டு, பெட்டியை ஓடவிட்டு, அதன் தலையில் சந்தனத்தை அப்பிவிட்டு நல்ல பிள்ளையாக நின்றுகொள்வார். கற்பூரம் காட்டும் நேரத்தில் உள்ளே விசிறி கிர்ரென்று சுற்றிக்கொண்டிருப்பது அவருக்கும் சரஸ்வதிக்கும் மட்டும்தான் தெரியும். பழைய பெட்டி, அணைத்தால் திரும்ப எழுந்திருக்குமோ என்னவோ என்ற பயம். வேறு கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

கம்பெனி குரோம்பேட்டைக்கும் சானடோரியத்துக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருக்கிறது. ஷூவின் அடிப்பாகமான சோலை வார்க்க உலோக அச்சு செய்துகொடுப்பது தொழில். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஷூ தொழிற்சாலைகள் வாடிக்கை. இப்போதைய முதலாளி சிட்டிபாபுவின் அப்பா, ஊரெல்லாம் பலகையில் தாளை ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், துணிந்து ஒரு வொர்க்ஸ்டேஷனை வாங்கி இறக்கினார். ஸ்பார்க் என்ற வகைச் சிப்பில் ஓடுவது. அந்தக் காலத்தில் மேஜைமேல் வைக்கிற கம்ப்யூட்டர்களில் அதுதான் ராஜா. அந்த விலைக்குச் செம்பாக்கத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாம் என்று கணக்கர் அழாக்குறையாகச் சொன்னார். அதற்கென்று குளிர்சாதன அறை கட்டினார்கள். முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஷூ தொழிலில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு வேலை பார்த்த மனிதர் தோத்தாத்ரி ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால், பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உலகம் வேறு பக்கம் போய்விட்டது. வீட்டில் பிள்ளைகள் விளையாடுகிற சாதாரணக் கம்ப்யூட்டரின் சிப் வருஷத்துக்கு வருஷம் வேகம் கூடி, விலை இறங்கி, ஒரு நாள் ராஜாவையே தாண்டிப் போனது. ஸ்பார்க்கை உண்டாக்கிய கம்பெனி கைமாறியது. வாங்கியவர்கள் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துவிட்டுப் புதிய சிப் வடிவமைப்பதையே கைவிட்டார்கள். சோல் வரையும் மென்பொருளை விற்ற கம்பெனி அதற்கும் முன்பே கடையைக் கட்டியிருந்தது. மற்ற ஊர்களில் இந்த மாதிரிப் பெட்டிகளை எடைக்குப் போட்டார்கள். சிட்டிபாபுவும் மாடியில் சாதாரணக் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, மிருதுளா என்கிற பெண்ணின் பொறுப்பில் புது டிசைன் வேலை முழுவதையும் அங்கே கொண்டுபோய்விட்டார்.

கீழே தோத்தாத்ரியும் பெட்டியும் மட்டும் மிஞ்சியதற்குக் காரணம் பழைய டிசைன்கள். பள்ளிக்கூட ஷூ, தொழிற்சாலை பூட்ஸ், போலீஸ் பூட்ஸ் இதெல்லாம் நாகரிகம் மாறினாலும் மாறாத சமாசாரம். பத்து வருஷத்துக்கு முந்தைய அச்சு தேய்ந்தால், அதே அச்சு வேண்டும் என்று பார்ட்டி வந்து நிற்பான். அந்த வரைபடங்களை அந்த மென்பொருள்தான் திறக்கும். அந்த மென்பொருள் அந்தப் பெட்டியில்தான் ஓடும். "எல்லாத்தையும் மாத்தி வெச்சிடலாமே சார்," என்று மிருதுளா பல தடவை கேட்டாள். "சீசன் முடியட்டும்மா," என்பார் இவர். சீசன் முடியும்; அடுத்த சீசன் வரும். பெட்டி இருக்கிற வரைக்கும்தான் தனக்கு அங்கே நாற்காலி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதைத் தந்திரம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டு நிலவரம் அப்படி.

வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு. மனைவி ரமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அரசுப் பட்டியலில் பதிந்துவிட்டு, கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். டயாலிசிஸ், நாளைக்கு ஆபரேஷன் என்று வந்தால் அது, எல்லாமே கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில்தான். வேலை போனால் இன்ஷூரன்ஸ் போகும். இந்த வியாதியோடு, இந்த வயதில், வெளியில் எவனும் புது பாலிசி தரமாட்டான், கேட்டுப் பார்த்தாயிற்று. ஆக, பட்டியலில் ரமாவின் பெயர் மேலே வருகிற வரைக்கும் தோத்தாத்ரி வேலையில் இருந்தாக வேண்டும். அவருடைய வாழ்க்கையில் அப்போது இருந்த கவலை இது ஒன்றுதான். வேறு கவலைக்கு இடமில்லை.

கவலை மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பெருமாளைத் தவிர வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத குடும்பம் அவருடையது. அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் மாடம்பாக்கம் சிவன் கோவிலுக்குப் போய், சரபேஸ்வரர் சந்நிதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். நரசிம்மரையே அடக்கியவர் என்று சொல்லப்படுகிற சாமி அது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் வாசற்படி ஏற விட்டிருக்க மாட்டார்.

அந்த வரிசையில்தான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது. இத்தனை வருஷமாகச் சரஸ்வதிக்கு ஓடுகிற இயந்திரத்தைக் காட்டி ஓய்வெடுக்கிறது என்று பொய் சொல்லியிருக்கிறோமே, அந்தப் பாவம்தான் ரமாவின் தலையில் விடிந்துவிட்டதோ என்று. நினைப்பு வந்த பிறகு அதைத் துரத்த முடியவில்லை. இந்த வருஷம் ஒழுங்காக அணைத்து, முறைப்படி பூஜையில் வைப்பதாக அங்கேயே வேண்டிக்கொண்டார்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் பெட்டியை முறையாக அணைத்தார். விசிறி நின்றது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவர் கேட்டதே இல்லை. லேத் ஓட்டும் சவுரிமுத்து கம்பெனி பூஜையை எடுத்துக்கட்டிச் செய்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவில், ஆயுத பூஜைக்கு முதல் ஆளாகப் பூசணிக்காய். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இன்னிக்கு ஒரு நாள் இதுக்கு லீவு வுட்டுகிறீங்க. பாவம், எம்மா வருசமா ஓடிகினு கீது," என்றான். தோத்தாத்ரிக்கு ஏதோ பெரிய கடன் தீர்ந்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

விஜயதசமி காலையில் மறு பூஜை முடிந்ததும் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. திரையில் வழக்கமாக வரும் எதுவும் வரவில்லை. 'ஓகே' என்ற ஒரே சொல் வந்து நின்றுவிட்டது. இந்த ரகப் பெட்டி எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டால் காட்டுகிற சொல் அது. எவன் வைத்தானோ அந்தப் பெயரை. பழைய ஞாபகத்தில் ஒரு கட்டளையைத் தட்டி எப்படியோ எழுப்பிவிட்டார். ஆனால் சோல் மென்பொருளைத் திறந்தபோது, இந்த இயந்திரத்துக்கு அனுமதி இல்லை என்று மறுத்துவிட்டது. மறுபடி திறந்தார். மறுபடி அதையே சொன்னது. வேலை பார்த்த வீட்டிலேயே யாரோ நீ யாரப்பா என்று கேட்பது மாதிரி இருந்தது.

முதலில் யாரிடமும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். ஆம்பூர் பார்ட்டிக்குப் பள்ளிக்கூட ஷூ அச்சு அந்த வாரமே போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்துப் பெரும்பாக்கம் போனார். அந்தக் காலத்தில் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுவிய சர்வீஸ் எஞ்சினியர் ஜோனத்தான் அங்கே குடியிருப்புகளுக்கு எதிரில் கேமரா மாட்டும் கடை வைத்திருக்கிறார்.

ஜோனத்தான் கேட்டதுமே சொல்லிவிட்டார். "உள்ள ஒரு சின்ன சிப் இருக்கு, தோத்தாத்ரி. அதுக்குள்ளயே பேட்டரி. பெட்டியோட அடையாள நம்பர் அதுலதான். பேட்டரி எப்பவோ செத்திருக்கும். யூ.பி.எஸ். புண்ணியத்துல கரன்ட் நிக்காம, நீங்களும் அணைக்காம இருந்ததால நம்பர் பொழைச்சிக்கிட்டு இருந்திச்சு. அணைச்சீங்க, மறந்துடுச்சு."

"திரும்ப வராதா?"

"வரும். பழைய நம்பரை டைப் பண்ணணும். அந்த நம்பருக்குத்தான் லைசென்ஸ் குடுத்திருப்பான். நம்பர் என்ன?"

அது தெரிந்தால் ஏன் பெரும்பாக்கம் வருகிறார். ஜோனத்தானுக்கும் நினைவில்லை, எத்தனையோ கம்பெனி, எத்தனையோ பெட்டி. சிப்பின் முதுகில் ஒட்டியிருக்கும் என்றார். திரும்பி வந்து மூடியைத் திருகித் திறந்து பார்த்தார். சீட்டு பசை காய்ந்து எந்தக் காலத்திலோ உதிர்ந்துவிட்டிருந்தது. மறுநாள் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில், யாருக்காவது வழி தெரியுமா என்று கடை கடையாக ஏறினார். ஒரு கடைக்காரன், "சார், இத நீங்க மியூசியத்துல கேக்கணும்," என்றான். தோத்தாத்ரி அவனிடம் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாமிக்குச் செய்த நல்ல காரியத்தால் இப்படி ஆகுமா என்று அவர் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. ஏமாற்றிக்கொண்டிருந்த வரை எல்லாம் ஓடியது. உண்மையாக இருந்த முதல் வருஷமே நின்றுவிட்டது. யாரை நோவது. அவரே அணைத்தார், அவர் கையாலேயே.

விஷயத்தை மறைக்க முடியாமல் சிட்டிபாபுவிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை, நல்ல மனிதர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மிருதுளாவைக் கூப்பிட்டார். அவள் கீழே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"லைசென்ஸ் அந்த நம்பருக்குன்னா, லைசென்ஸ் ஃபைல்லயே அந்த நம்பர் எழுதியிருக்கணுமே சார்?"

எழுதியிருந்தது. டிஸ்க்கிலேயே, அவர் தினமும் உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு கட்டளை தூரத்தில், எண்ணும் எழுத்தும் கலந்து எட்டு எழுத்தாக இருந்தது. அதைத் தேடித்தான் ஊரெல்லாம் சுற்றியிருந்தார். எண்ணைத் தட்டியதும் பெட்டிக்குத் தான் யார் என்று ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட ஷூவின் சோல் திரையில் வந்து நின்றபோது தோத்தாத்ரிக்குக் கண் தளும்பிவிட்டது. சவுரிமுத்து ஓடிப்போய் ஒரு தேங்காய் வாங்கி வந்து அறை வாசலில் உடைத்தான். ரமாவுக்குப் போன் போட்டு, "சரியாயிடுத்து," என்றார். "என்ன சரியாயிடுத்து?" என்று கேட்டாள். அவளிடம் கெட்டுப்போனதையே சொல்லியிருக்கவில்லை.

சந்தோஷம் அடுத்த நாள் மத்தியானம் வரை நீடித்தது. சிட்டிபாபு அறைக்கு வந்து, "இனிமே இத நம்பி இருக்க முடியாது மிருதுளா. வேற வழி இருக்கா பாரு," என்றார். இருக்கிறது என்றாள் அவள். லேப்டாப்புக்குள்ளேயே இந்தப் பெட்டி மாதிரி நடிக்கிற மென்பொருள் இருக்கிறதாம். டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து அதில் போட்டு, இந்த எண்ணையும் கொடுத்துவிட்டால், சோல் மென்பொருளுக்கு வித்தியாசமே தெரியாதாம். பாதி நாளில் நகலை எடுத்து, தன் லேப்டாப்பை எதிர் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிட்டிபாபு பக்கத்தில் நின்றார்.

"சார், அந்த நம்பரை மட்டும் படிங்க. நான் அடிக்கறேன்."

தோத்தாத்ரியின் திரையில் எட்டு எழுத்தும் இருந்தன. கண்ணாடி மூக்கில் இருந்தது. அவர் அதை ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தார். இது சரியாக அந்தப் பக்கம் போய்விட்டால் பெட்டி வேண்டாம். பெட்டி வேண்டாம் என்றால் இந்த அறை வேண்டாம். அறையில் இருப்பவருக்கு என்ன வேலை. ரமாவின் கை, ஊசி போட்டுப் போட்டுப் புடைத்துப்போன நரம்பு, அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது.

படித்தார். ஏழு எழுத்துகளைச் சரியாகவே படித்தார். கடைசியில் இருந்த மூன்றை எட்டு என்றார்.

மிருதுளா தட்டினாள். அனுமதி இல்லை என்றது லேப்டாப். மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி அப்படியே படித்தார், குரல்கூடப் பிசகவில்லை. சிட்டிபாபு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "என்னமோ பெரிசா சொன்னியே. பாரு, நேரத்த வேஸ்ட் பண்ணாத," என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். அவள் முகம் சுண்டிவிட்டது. தோத்தாத்ரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலவும் இருந்தது, தன் முகத்தில் தானே காறித் துப்பலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மிருதுளா எழுந்து போகவில்லை. எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கை நின்றது.

"சார்."

"என்னம்மா."

"நான் எடுத்தது முழு டிஸ்க்கோட காப்பி. அந்த லைசென்ஸ் ஃபைல் இதுலயும் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடைசி எழுத்து மூணு சார்."

"கண்ணு சரியா தெரியலைம்மா," என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே விட்டுவிட்டார். பொய்யை இழுத்துக்கொண்டு போகத் தெம்பில்லை. "வேலை போனா ரமாவுக்கு இன்ஷூரன்ஸ் போயிடும்மா. லிஸ்ட்ல பேர் வர வரைக்கும் ஓட்டிடலாம்னு பாத்தேன். உன்னைத் திட்டினார். என்னால ஒண்ணும் சொல்ல முடியலை. தப்புதான்."

லேப்டாப்பில் சோல் திறந்துகொண்டது. பழைய பெட்டியைவிடச் சீக்கிரமாகவே திறந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"சொல்லாம இருக்க என்னால முடியாது சார்," என்றாள் மிருதுளா. "வராதுன்னு சொல்லிட்டு நாளைக்கு இந்தப் பெட்டி நின்னுட்டா, என் வேலை போயிடும். ஆனா ஒண்ணு. இத்தனை டிசைனையும் ஒவ்வொண்ணா திறந்து, எது எந்தப் பார்ட்டியோடதுன்னு பாத்து, புது மாதிரிக்கு மாத்தணும். பேரெல்லாம் நீங்க வெச்சது. அடை, அவியல், வத்தக்குழம்புன்னு வெச்சிருக்கீங்க. உங்களைத் தவிர யாருக்கும் புரியாது."

அது உண்மைதான். ஒவ்வொரு டிசைனுக்கும் அன்றைக்கு டப்பாவில் ரமா என்ன கட்டிக்கொடுத்தாளோ அந்தப் பெயர். ஞாபகத்துக்குச் சுலபம் என்று வைத்துக்கொண்ட வழக்கம்.

"மெதுவாவே பண்ணுங்க சார்," என்றாள், திரையைப் பார்த்தபடியே. "எவ்வளவு நாள் ஆகும்னு என்னைக் கேட்டா, ரொம்ப நாள் ஆகும்னு சொல்றேன். அது பொய் இல்லை."

அப்படித்தான் நடந்தது. லேப்டாப்பில் ஓடுகிறது என்று மட்டும் அவள் சிட்டிபாபுவிடம் சொன்னாள். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் தோத்தாத்ரி லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, நாளுக்கு ஒரு டிசைனைத் திறந்து, அளவு அளவாகச் சரிபார்த்து, மாற்றினார். பழைய பெட்டி மூலையில் அணைந்து கிடந்தது; இனி அதை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. ஒவ்வொன்றை முடிக்கும்போதும் தான் உட்கார்ந்த கிளையைத் தானே வெட்டுவது தெரிந்தது. சில நாள் வேண்டுமென்றே ஒரே சோலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். போன் அடிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியோ என்று பாய்ந்து எடுத்தார். பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்கள்தான்.

ஒரு காலை சிட்டிபாபு அறைக்கு வந்தார். கூட மாடியிலிருந்து இரண்டு டிசைனர்கள், ஆளுக்கொரு லேப்டாப்போடு.

"சார், உங்கள பாத்தா எனக்கு மனசு கேக்கல," என்றார். "வீட்டம்மாவுக்கு உடம்பு முடியல. இங்க வந்து தனியா குனிஞ்சிகிட்டு இத்தன வேலைய இழுத்துகிட்டு இருக்கீங்க. இவங்க ரெண்டு பேரும் இன்னியிலிருந்து உங்க கூட உக்காருவாங்க. நீங்க பேர மட்டும் சொல்லுங்க, மீதிய அவங்க பாத்துப்பாங்க. பொங்கலுக்குள்ள முடிச்சிடலாம். அப்புறம் வீட்ல நிம்மதியா அம்மாவ பாத்துக்குங்க. செட்டில்மென்ட் ஒரு குறையும் வெக்க மாட்டேன்."

தோத்தாத்ரி எழுந்து நின்றார். "சார், அந்த இன்ஷூரன்ஸ்..."

"அது சம்பள ரோல்ல இருக்கற வரைக்கும்தானே சார்." சிட்டிபாபுவின் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "ஆடிட்டர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்."

ஆடிட்டர் என்ன சொல்வார் என்று இருவருக்கும் தெரியும். சிட்டிபாபு அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். டிசைனர்கள் இரண்டு பக்கமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். மரியாதையான பிள்ளைகள், கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு வாரத்து வேலை முடிந்துபோயிற்று.

அன்று ரமாவுக்கு டயாலிசிஸ் முறை. ஐந்து மணிக்கு அவர் போனபோது பாதி முடிந்திருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவளிடம் இதுவரை எதையும் சொன்னதில்லை. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். வேண்டுதல், பெட்டி, மூன்றை எட்டாகப் படித்தது, பொங்கல், எல்லாம். சொல்லி முடித்ததும், "நான்தான் அணைச்சேன் ரமா," என்றார்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"லிஸ்ட்ல நமக்கு மேல இன்னும் நிறையப் பேர் இருக்காளாம்," என்றாள். "வரச்சே நர்ஸ் சொன்னா."

"ம்."

"இதோ பாருங்கோ, சிட்டிபாபு நல்ல மனுஷர். நமக்கு நல்லதுன்னு நினைச்சுண்டுதானே ஆள் போட்டிருக்கார்."

"ஆமா," என்றார் தோத்தாத்ரி. "கெட்டவரா இருந்தா கால்ல விழுந்திருப்பேன். நல்லது பண்றவர்கிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்றது, எனக்குத் தெரியலை. ரொம்ப தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."